கப்பலைச் சுருக்கினால் தண்ணீர் சுருங்குமா?

(மூன்றாம் ஆண்டு, டிப்ளமோ – மெக்கானிக்கல்)



நம் பாலிடெக்னிக் ஹாபி கிளப்பில் கப்பல் மாடல் செய்யும் எட்டுப் பேரில் நானும் ஒருவன். "பொத்தேரியில ஏதுடா கடல்? கோடை வந்தா ஏரியிலயே தண்ணி இல்லை, உங்களுக்கு எதுக்குக் கப்பல்?" என்று எங்களைக் கேட்காத ஆள் இந்தக் கேம்பஸில் கிடையாது. எங்கள் கப்பலுக்குக் கடல், சிவில் லேபில் கான்கிரீட் கியூப்களை ஊறப் போடும் கியூரிங் தொட்டிதான். மூன்று மீட்டர் நீளம். அந்தக் கடலில்தான் போன ஆண்டுக் கண்காட்சியன்று, வாத்தியார்கள், மாணவர்கள், பக்கத்து ஸ்கூல் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் கப்பல் கவிழ்ந்தது.

மலர்க் குழு நண்பர்கள் "மாடல் கப்பல் செய்வது எப்படி என்று எழுதுங்கள்" என்று கேட்டார்கள். எப்படிக் கவிழ்ந்தது என்று எழுதினால்தான் எப்படிச் செய்வது என்பதும் புரியும். ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்தக் கப்பல்?

முதலில் எல்லோருக்கும் ஆசை வ.உ.சி.யின் கப்பல் மேல்தான். 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக அவர் விட்ட காலியா, லாவோ என்ற இரண்டில் ஒன்றைச் செய்யலாம் என்று பேசினோம். ஆனால் லைன்ஸ் பிளான் கைக்கு அகப்படவில்லை. பிளான் இல்லாமல் செய்தால் அது பொம்மை, மாடல் ஆகாது என்பது எங்கள் கிளப்பின் முதல் சட்டம்.

எங்களில் ஒருவர் என்.சி.சி. கடற்படைப் பிரிவு கேடட். அந்தப் பிரிவில் கப்பல் மாடல் செய்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல, பயிற்சியில் சேர்ந்தது. டெல்லி குடியரசு தின முகாமிலும், நவ் சைனிக் முகாமிலும் அதற்குப் போட்டியே உண்டு. அவர்தான் பழைய ஐ.என்.எஸ். விக்ராந்தின் பிளானைக் கொண்டுவந்தார். நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். இங்கிலாந்தில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1945-ல் நீரில் இறக்கப்பட்டு, பாதி வேலையோடு நின்றுபோய், பிறகு நாம் வாங்கி முடிக்கச் செய்து, 1961 மார்ச் 4-ல் பெல்பாஸ்ட்டில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் இதன் விமானங்கள்தான் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கின. 1997-ல் ஓய்வு கொடுத்து, மும்பையில் மியூசியமாக வைத்திருந்து, 2014-ல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். 2022-ல் கொச்சியில் கட்டி முடித்த புது விக்ராந்த் வேறு, அது இதைவிட மிகப் பெரியது.

ஸ்கேல் என்பது நீளம் மட்டுமா?

விக்ராந்தின் மொத்த நீளம் 213 மீட்டர். நீர்மட்டத்தில் உடல் அகலம் 24.4 மீட்டர், மேல்தளத்தோடு சேர்த்தால் 39 மீட்டர். முழுச் சுமையில் நீருக்குள் மூழ்கும் ஆழம் 7.3 மீட்டர். எடை 19,500 டன்.

1:100 ஸ்கேலில் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். நீளம் 2.13 மீட்டர் வரும். சரி, எடை? நீளத்தை நூறால் வகுத்தால் அகலமும் நூறால் வகுபடும், உயரமும் நூறால் வகுபடும். ஆக எடையை 100 x 100 x 100, அதாவது பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். 19,500 டன் என்பது 19.5 கிலோ ஆகிறது. பீச்–செங்கல்பட்டு லோக்கலில் இதைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது?

1:400 என்றால் நீளம் 53 செ.மீ., கைக்கு அடக்கம். ஆனால் எடை? 305 கிராம்! அதற்குள் மோட்டார், பேட்டரி, மரம், பெயிண்ட் எல்லாம் அடங்கியாக வேண்டும். ஆகிற காரியமில்லை. கடைசியில் 1:200 என்று முடிவானது. நீளம் 107 செ.மீ., நீர்மட்ட அகலம் 12.2 செ.மீ., மூழ்கும் ஆழம் 3.65 செ.மீ., எடை 2.44 கிலோ. இந்த இடத்தில் ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. அந்த 2.44 கிலோ கடல் தண்ணீருக்கு. நம் கியூரிங் தொட்டியில் இருப்பது போர் தண்ணீர். உப்புக் குறைவு, அடர்த்தி குறைவு, ஆகவே அதே கோடு வரை மூழ்க 2.38 கிலோ போதும்.

பாருங்கள், 1:400-லிருந்து 1:200-க்கு வந்தால் நீளம் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு. இதை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்தாயிற்று. கனசதுரத்தின் பக்கம் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்கு. ஆனால் கையில் மரத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை!

உடல் கட்டுவது

இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, முதலாமாண்டு இன்ஜினியரிங் டிராயிங்கில் செக்ஷன் வரையத் தெரிந்தவருக்கு இது கைவந்த கலை. பாடி பிளான் என்பது கப்பலை ரொட்டி நறுக்குவதுபோல் குறுக்கே நறுக்கிக் காட்டும் படம். ஒவ்வொரு துண்டின் உருவத்தையும் 3 எம்.எம். பிளைவுட்டில் ஒட்டி, ஃபிரெட் ஸாவால் அறுத்தால் குறுக்குச் சட்டங்கள் கிடைக்கும். நம் ஊர்த் தோணி ஆசாரிகள் இதை வங்கு என்பார்கள். இவற்றை நிறுத்துகிற அடிக்கட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஏரா. எங்கள் கப்பலுக்கு 19 வங்கு. அதன்மேல் பால்ஸா மரத்தை 6 எம்.எம். அகலப் பட்டைகளாகக் கீறி, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால், பசை காயும்போது இழுத்து, கப்பல் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். (முதல் உடலை அப்படித்தான் வீணாக்கினோம். அது இப்போது ஹாஸ்டலில் சோப்பு டப்பா வைக்கப் பயன்படுகிறது.)

சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே அரால்டைட்தான். உட்புறம் ஒரு கோட் ரெசின் தடவினால் கசிவு இருக்காது.

கவிழ்ந்த கதை

மூன்று மாதம் வேலை நடந்தது. மேல்தளத்தில் வலப்பக்கம் நிற்கும் கட்டடத்தை ஐலண்ட் என்பார்கள். புகைபோக்கி, ரேடார், கொடிமரம் எல்லாம் அதில்தான். அதை இரண்டாம் ஆண்டு சிவில் படிக்கும் ஒரு தம்பி தனியாளாகச் செய்தான். குண்டூசிகளை வெட்டிப் பற்ற வைத்து அவன் செய்த கொடிமரத்தைப் பார்க்க லேத் ஷாப் இன்ஸ்ட்ரக்டரே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணா, பேட்டரி இவ்வளவு மேலே இருக்கே, சாயாதா?"

பேட்டரியை நாங்கள் விமானக் கூடத்துக்குள் வைத்திருந்தோம். லிஃப்ட் ஓட்டை வழியாகக் கையை விட்டால் எடுத்து மாட்டிவிடலாம், வசதி. நான் சொன்னேன்: "மெஸ் தராசுல நிறுத்துப் பாத்தாச்சுடா. ரெண்டு கிலோ நூறு. ரெண்டே முக்கால் அரைக்கால் வரைக்கும் தாங்கும். நீ உன் வேலையைப் பாரு."

அது தப்பு மட்டுமில்லை, திமிர். 2.38 கிலோ என்று என் நோட்டிலேயே எழுதியிருந்ததைக்கூடப் பார்க்காமல் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, எவ்வளவு எடை என்று பார்த்தேனே தவிர, எடை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

தொட்டியில் இறக்கினோம். கப்பல் மிதந்தது. கைதட்டினார்கள். கையை எடுத்ததும் மெல்ல இடது பக்கம் சாய்ந்து, யோசிப்பதுபோல் ஒரு நிமிஷம் நின்றது. நான் மோட்டாரைப் போட்டேன். சுக்கான் கொஞ்சம் திரும்பியிருந்தது. கப்பல் வளைந்தது, இன்னும் சாய்ந்தது, லிஃப்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் குபுக்கென்று உள்ளே போனது, அவ்வளவுதான். கியூப்கள் மேல் தலைகீழாகப் போய் விழுந்ததில் கொடிமரம் மூன்று துண்டு. ஸ்கூல் பிள்ளைகள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள் பாவம்.

அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டுகளை டிபன் பாக்ஸில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போனவன், அதற்கப்புறம் ஒரு மாதம் கிளப் பக்கமே வரவில்லை.

ஏன் கவிழ்ந்தது?

மிதக்கும் பொருளில் இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று ஈர்ப்பு மையம்; மொத்த எடையும் அங்கே கீழ்நோக்கி இழுக்கிறது. இன்னொன்று மிதப்பு மையம்; தண்ணீர் அங்கே மேல்நோக்கித் தள்ளுகிறது. அது நீருக்குள் இருக்கும் பாகத்தின் நடுப்புள்ளி. கப்பல் நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். கப்பல் சாய்ந்தால் ஈர்ப்பு மையம் இடம் மாறாது. ஆனால் சாய்ந்த பக்கம் அதிகம் மூழ்குவதால் மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகரும். அங்கிருந்து மேல்நோக்கி ஒரு கோடு போட்டால், கப்பலின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அதுதான் மெட்டா சென்டர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் தண்ணீர் கப்பலை நிமிர்த்தும். மேலே இருந்தால் அதே தண்ணீர் கப்பலைக் கவிழ்க்கும். சிவில், மெக்கானிக்கல் இரண்டு பிரிவுக்கும் ஃபுளூயிட் மெக்கானிக்ஸில் இது இருக்கிறது. ஐந்து மார்க் கேள்வி என்று நான் மனப்பாடம் செய்துவிட்டு விட்டதுதான்!

மெட்டா சென்டர் எவ்வளவு உயரத்தில் என்று கண்டுபிடிக்க, நீர்மட்டப் பரப்பின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவை மூழ்கிய கன அளவால் வகுத்து, மிதப்பு மையத்தின் உயரத்தோடு கூட்ட வேண்டும். நீர்மட்டத்தில் நீளம் 96 செ.மீ., அகலம் 12.2 செ.மீ. நீளத்தை அகலத்தின் கனத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் செவ்வகத்துக்கான விடை வரும். இரு முனையும் கூராக இருப்பதால் அதில் பத்தில் ஆறு பங்கு மட்டும் எடுத்தோம். மூழ்கிய கன அளவு 2,380 கன செ.மீ. வகுத்தால் 3.66 செ.மீ. மிதப்பு மையம் அடியிலிருந்து சுமார் 1.95 செ.மீ. கூட்டினால் 5.6 செ.மீ. அன்றைக்கு எடை குறைவாக இருந்ததால் இது கொஞ்சம் கூடியிருக்கும். கூடினாலும் 6-ஐத் தொடாது.

எங்கள் கப்பலின் ஈர்ப்பு மையம் எங்கே? பள்ளியில் அட்டையைத் தொங்கவிட்டு நூல் குண்டால் கோடு போடுவோமே, அதே முறை. முனையில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை தொங்கவிட்டோம். 6.3 செ.மீ. வந்தது. இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

குற்றவாளி பேட்டரி மட்டும் அல்ல. மேல்தளத்தையும் நான் 3 எம்.எம். பிளைவுட்டில் போட்டிருந்தேன், மிச்சம் இருந்ததே என்று. 1:200-ல் 3 எம்.எம். என்றால் அசல் கப்பலில் 60 செ.மீ. கனம்! எந்தக் கப்பலில் மேல்தளம் இரண்டு அடி மொத்தம் இருக்கிறது? மாடல் செய்கிறவர்கள் நீள அகலத்தைச் சுருக்குவார்கள். தகட்டின் கனத்தைச் சுருக்க முடியாது, ஏனென்றால் கடையில் கிடைக்கிற மரம் அவ்வளவுதான். அதனால் எல்லா மாடலும் தானாகவே தலைகனம் பிடித்ததாகத்தான் பிறக்கிறது.

நமக்கு மட்டும் இல்லை இந்த அனுபவம். ஸ்வீடன் ராஜா கட்டிய வாஸா என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10-ம் தேதி ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் புறப்பட்டு, ஏறக்குறைய 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. எங்கள் லிஃப்ட் ஓட்டை மாதிரியேதான். இதில் கொடுமை என்னவென்றால், அது புறப்படும் முன்பே முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடவும், அங்கிருந்த அட்மிரல் சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார். தெரிந்தும் அனுப்பினார்கள். 1961 ஏப்ரலில் அந்தக் கப்பலை வெளியே எடுத்து இன்று மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். விக்ராந்த் நம் கடற்படையில் சேர்ந்த அடுத்த மாதம்!

வாஸா கதையைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "சாயாதா அண்ணா?" என்று ஒருவன் கேட்டது காதிலேயே இருந்தது. சாயங்காலம் அவன் ஹாஸ்டல் ரூமுக்குப் போனேன். "நீ கேட்டது சரி, நான்தான் கேக்கலை. வாடா, வந்து செய்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "வரேன்ணா. ஆனா இனிமே ஒரு ஆணி வச்சாலும் எடை போட்டு எழுதணும்" என்றான். ஒப்புக்கொண்டேன்.

மறுபடி

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான்கு கட்டம் போட்டான்: பொருள், எடை, அடியிலிருந்து உயரம், இரண்டின் பெருக்கல். கடைசிக் கட்டத்தைக் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையத்தின் உயரம். இவ்வளவுதான் ரகசியம்.

350 கிராம் பேட்டரியை 7 செ.மீ. உயரத்திலிருந்து ஒன்றரை செ.மீ.க்கு இறக்கினோம். மாற்றுவது கஷ்டம்தான், ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். 255 கிராம் மேல்தளத்தைக் கழற்றிவிட்டு 1 எம்.எம். பிளைவுட்டில் போட்டோம், 85 கிராம் ஆயிற்று. எடை 1.93 கிலோவுக்கு இறங்கியதால், 2.38 வர மீதி 450 கிராமுக்கும் ஏராவை ஒட்டி ஈயம் வைத்தோம். ராயபுரத்திலிருந்து வரும் ஒரு டே ஸ்காலர், காசிமேட்டில் மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு வாங்கி வந்தார். தட்டிச் சப்பையாக்கி ஒட்டினோம். (ஈயத்தைத் தொட்டால் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சி ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம், புகை விஷம்.) நோட்டுக் கணக்கில் ஈர்ப்பு மையம் 4.2 செ.மீ. மெட்டா சென்டர் 5.6. இடைவெளி 1.4 செ.மீ. இந்த இடைவெளியைத்தான் ஜி.எம். என்பார்கள்.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கப்பல் கட்டும் தளங்களில் அசல் கப்பலுக்கே செய்வார்கள். 50 கிராம் எடைக்கல்லை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 5 செ.மீ. நகர்த்தினோம். தளத்தில் நட்ட குச்சியிலிருந்து 20 செ.மீ. நூலில் ஒரு நட்டு தொங்கியது. நூலின் நுனி 1.6 செ.மீ. நகர்ந்தது. 50 x 5 x 20 என்பதை 2380 x 1.6 ஆல் வகுத்தால் 1.3 செ.மீ. கணக்கில் 1.4, தண்ணீரில் 1.3! ஒரு மில்லி மீட்டர்தான் வித்தியாசம். எனக்கு செமஸ்டர் ரிசல்ட் வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

எவ்வளவு வேகம்?

விக்ராந்தின் முழு வேகம் 25 நாட், அதாவது நொடிக்கு 12.9 மீட்டர். மாடல் எவ்வளவு போக வேண்டும்? 200-ஆல் வகுத்தால் 6.4 செ.மீ.; நத்தை. அப்படி ஓட்டினால் முனையில் ஒரு அலைகூட எழாது, மிதக்கிற கட்டை மாதிரி இருக்கும். காரணம், கப்பலைச் சுருக்கினோமே தவிர தண்ணீரையும் பூமியின் ஈர்ப்பையும் சுருக்க முடியவில்லை. வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கில இன்ஜினியர் மெழுகு மாடல்களைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து இதற்கு விதி கண்டார். 1872-ல் டார்க்கி என்ற ஊரில் தன் வீட்டருகே அதற்கென்றே தொட்டி கட்டினார். அவர் விதிப்படி வேகத்தை ஸ்கேலின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 200-ன் வர்க்கமூலம் 14.14. ஆக நொடிக்கு 91 செ.மீ. அந்த வேகத்தில்தான் மாடலின் முனையில் எழும் அலை அசல் கப்பலின் அலை மாதிரியே இருக்கும்.

இன்றும் கப்பல் டிசைன் இப்படித்தான் நடக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே சென்னை ஐ.ஐ.டி.யில் 82 மீட்டர் நீளத்துக்கு இழுவைத் தொட்டி இருக்கிறது. விசாகப்பட்டினம் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருப்பது 500 மீட்டர். ஆட்டத்துக்கும் இதே வர்க்கமூலம்தான். அசல் கப்பல் ஒரு முறை உருண்டு நிமிர 14 நொடி ஆனால் மாடலுக்கு ஒரே நொடி. பழைய சினிமாக்களில் கப்பல் புயலில் ஆடுவதைப் பார்த்ததும் "அய்யே, பொம்மை" என்று தெரிந்துவிடுகிறதே, இதனால்தான்! விவரம் தெரிந்தவர்கள் கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்து மெதுவாகக் காட்டுவார்கள்.

எங்கள் கப்பல் இப்போது நொடிக்கு 91 அல்ல, 120 செ.மீ. ஓடுகிறது. தொட்டியின் மறுமுனையில் ஒருவன் துண்டோடு நின்று பிடிக்க வேண்டியிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கியர் வைத்த மோட்டார் பார்த்து வைத்திருக்கிறோம், காசு சேர்ந்ததும் வாங்க வேண்டும். கொடிமரத்தைத் தம்பி புதிதாகவே செய்துவிட்டான். பழையதைவிட நான்கு கிராம் குறைவு, நோட்டில் எழுதியிருக்கிறான்.

சேர விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மதியம் கார்ப்பென்டரி ஷாப்புக்கு வரலாம். ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பென்சில் போதும். தராசு எங்களிடம் இருக்கிறது.